மர அலமாரிக்குத் திருகு கால்: தரையை அளப்பதில் தொடங்கி கதவு நேராகும் வரை

செய்த இடத்தில் கச்சிதமாக நின்ற அலமாரியை அறைக்குள் கொண்டுபோய் வைத்ததும், ஒரு கதவு ஏறியும் இன்னொன்று இறங்கியும் நிற்கும். உடனே கை கீல் திருகுகளுக்குப் போகும். பெரும்பாலும் அது வீண் வேலை. பெட்டியில் குறை இருக்காது, தரையில்தான் இருக்கும். கழுவிவிடும் தண்ணீர் வாசல் பக்கமோ குளியலறைப் பக்கமோ ஓடட்டும் என்று நம் வீடுகளில் வாட்டம் கொடுத்தே தரை போடுவது வழக்கம். மீட்டருக்கு 10 மி.மீ. வாட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 900 மி.மீ. அகல அலமாரியின் ஒரு பக்கத்தை அது 9 மி.மீ. தாழ்த்திவிடும். அதாவது, தச்சர் கணக்கில் ஏறத்தாழ மூன்று நூல் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம்).

அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தால் மாப் தண்ணீரை உறிஞ்சிச் சில நாளில் கூழாகிவிடும். மரச் சில்லு வைத்தால், அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தியதும் நழுவும். மரை போட்ட இரும்புத் தண்டும் அதன் அடியில் பாதமும் உள்ள திருகு கால்தான் இதற்குச் சரியான தீர்வு. கடையில் ‘லெவலர்’, ‘அட்ஜஸ்ட் லெக்’, ‘அட்ஜஸ்ட் புஷ்’ என்று பல பெயர்களில் கிடைக்கும். மட்டம் சரியாவதோடு, பிளைவுட்டின் அடி ஓரமும் தரையைத் தொடாமல் நிற்கும். பிளைவுட் ஊறி உப்புவது பெரும்பாலும் அந்த அடி ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். கரையானை இது தடுக்காது. ஆனால் அது ஏறுவதற்கு எழுப்பும் மண் கோடு இரும்புத் தண்டின் மேல் பளிச்சென்று தெரியும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் ஒரே அலமாரிக்கானவை: 900 மி.மீ. அகலம், 1200 மி.மீ. உயரம், 400 மி.மீ. ஆழம், 18 மி.மீ. பிளைவுட், இரண்டு கதவு, உள்ளே மூன்று தட்டு. உங்கள் அலமாரி வேறு அளவில் இருந்தாலும் கணக்குப் போடும் விதம் இதேதான்.

கடைக்குப் போகுமுன் தரையை அளக்க வேண்டும்

பலர் காலை வாங்கி மாட்டிவிட்டுத்தான் தரையைப் பார்க்கிறார்கள். கால் எவ்வளவு ஏறி இறங்க வேண்டும் என்பதைத் தரைதான் சொல்லும். எனவே இந்த வேலை முதலில்.

அலமாரி நிற்கப்போகும் இடத்தில், நான்கு கால்களும் வரும் புள்ளிகளைச் சாக்பீஸால் குறியுங்கள். நேரான அலுமினியக் குழாய் ஒன்றை இரண்டு புள்ளிகளின் மேல் வைத்து, அதன் முதுகில் ரசமட்டத்தை வையுங்கள். தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, குழாய்க்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்படியே மற்ற புள்ளிகளுக்கும். ரசமட்டமே சரிதானா என்று ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது. அதே இடத்தில் அதை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் குமிழி முன்பு நின்ற அதே கோட்டில் நிற்க வேண்டும். பக்கம் மாறினால் மட்டத்திலேயே கோளாறு. அப்போது கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள், அது பொய் சொல்லாது. உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

இப்படி நான்கு எண்கள் கிடைக்கும். உதாரணத்துக்கு: பின் இடது 0, பின் வலது 4, முன் இடது 6, முன் வலது 11 மி.மீ. பூஜ்யம் என்றால் மேடு. அந்தக் கால்தான் மிகக் குறைவாக வெளியே நீட்டியிருக்கும். 11 மி.மீ. வித்தியாசத்துக்கு 5 மி.மீ. கையிருப்பு சேர்த்து, கால் குறைந்தது 16 மி.மீ. ஏறி இறங்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

அந்த நான்கு இடத்திலும் டைல்ஸை விரல் கணுவால் தட்டியும் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அங்கே சிறிய பாதம் வைத்தால் டைல்ஸ் விரிசல் விடும். பாதம் 50 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், அல்லது காலின் இடத்தைச் சற்று தள்ளிக் குறியுங்கள்.

ஒரு கால் எவ்வளவு சுமக்க வேண்டும்

18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ. நம் அலமாரியின் பக்கங்கள், தட்டுகள், கதவுகள், 6 மி.மீ. பின்பலகை, மைக்கா எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 55 கிலோ வரும். நான்கு அடுக்கிலும் புத்தகம் நிறைத்தால், அடுக்கின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 கிலோ என்று வைத்தாலும், இன்னும் 100 கிலோ. மொத்தம் 155 முதல் 160 கிலோ.

இதை நான்கால் வகுத்து ‘ஒரு காலுக்கு 40 கிலோ’ என்று முடிவு செய்வது தப்புக் கணக்கு. நான்கு கால் உள்ள விறைப்பான பெட்டியில் நான்கு காலும் சமமாகச் சுமப்பதே அபூர்வம். ஒரு கால் அரை மி.மீ. தளர்ந்தாலும், குறுக்காக எதிரெதிரே உள்ள இரண்டு கால்கள்தான் ஏறக்குறைய முழுச் சுமையையும் தாங்கும். எனவே மொத்த எடையில் பாதியை ஒரே கால் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது 80 கிலோ. 100 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று போட்டிருக்கும் காலை வாங்குங்கள். எம் 8, அதாவது 8 மி.மீ. விட்டமுள்ள, இரும்புத் தண்டுக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டே இல்லை. உடைவது பிளாஸ்டிக் பாதம், அல்லது தண்டைப் பிடித்திருக்கும் மரம். அகலம் 1200 மி.மீ.க்கு மேல் போனால், அடிப்பலகை நடுவில் தொய்யாமல் இருக்க முன்னும் பின்னும் ஒவ்வொரு நடுக்கால் தேவை.

எந்த வகைக் கால்

எம் 8 தண்டும் டி நட்டும் (மரத்தில் பதியும் பல் வைத்த நட்) சேர்ந்தது வீட்டு வேலைக்கு மிகவும் தோதானது. இந்த வழிகாட்டி அதைப் பற்றித்தான். எம் 8-ன் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும், கால் சுற்றுக்கு 0.3 மி.மீ. எம் 6 தண்டு சின்ன மேசைக்குப் போதும். அலமாரியை ஒருமுறை தரையில் இழுத்தாலே வளைந்துவிடும்.

சமையலறைப் பெட்டிகளுக்குப் போடும் 100 மி.மீ. உயர பிளாஸ்டிக் கால் இன்னொரு வகை. அதன் மேல்தட்டை நான்கு திருகால் அடிப்பலகையில் பிடித்தால் வேலை முடிந்தது. சுவரோடு நிரந்தரமாக நிற்கும் பெட்டிக்கு அது அருமை. அடிக்கடி நகர்த்தும் அலமாரிக்கு வேண்டாம், பக்கவாட்டில் தள்ளினால் கழுத்தில் ஒடியும். மூன்றாவது, எல் வடிவ இரும்புத் தகட்டோடு வரும் கால். பக்கப்பலகை தரைவரை இறங்கும் அலமாரிக்கும், ரொம்பக் கனமான பெட்டிக்கும் அதுதான் சரி.

பாதத்தில் பந்து மூட்டு இருந்தால், சரிவிலும் கடப்பைக் கல் போன்ற மேடுபள்ளத் தரையிலும் முழுதாகப் படியும். வெள்ளை மொசைக்கிலும் மார்பிளிலும் கறுப்பு ரப்பர் பாதம் கறை விடும். அங்கே நைலான் நல்லது. அலமாரி தண்ணீர் புழங்கும் இடத்தில் நிற்கப்போகிறதென்றால் தண்டு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். முலாம் பூசிய இரும்பு ஈரத்தில் துருப்பிடித்து நட்டோடு இறுகிவிட்டால், மறுபடி மட்டம் பார்க்கவே முடியாது.

வாங்க வேண்டியவை

எம் 8 திருகு கால், தண்டு நீளம் 40 மி.மீ.: 4
எம் 8 டி நட், நான்கு பல் உள்ளது: 4, சோதனைக்கு ஒன்று கூடுதல்
எம் 8 செக் நட் (வைத்த அளவு மாறாமல் தண்டை இறுக்கிப் பிடிக்கும் நட்): 4
எம் 8 × 60 போல்ட் ஒன்றும் பெரிய வாஷர் இரண்டும் (டி நட்டை உள்ளே இழுக்க மட்டும்)
18 மி.மீ. பிளைவுட் துண்டு, 80 × 80 மி.மீ.: 8
4 × 50 மி.மீ. திருகு: 16
தண்ணீர் தாங்கும் மரப்பசை, வுட் பிரைமர், சுவரில் பிடிக்க எல் பட்டை 2

கருவிகள்: ட்ரில் மெஷின், 10 மி.மீ. மர பிட், 3 மி.மீ. பிட், 13 மி.மீ. ஸ்பேனர் இரண்டு, மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி), ரசமட்டம், நான்கு சி கிளாம்ப்.

மரத்தில் பிடிமானம் எங்கே

18 மி.மீ. பிளைவுட்டின் ஓரத்தில் நேராகத் துளை போட்டு நட்டை இறக்குவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. 10 மி.மீ. துளைக்கு இருபுறமும் மிஞ்சுவது 4 மி.மீ. தான். முதல் தள்ளலிலேயே அடுக்குகள் பிரிந்து வாய் பிளக்கும். எனவே ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கட்டை வேண்டும். இரண்டு 18 மி.மீ. துண்டுகளைப் பசை போட்டு ஒட்டினால் 36 மி.மீ. கட்டை கிடைக்கும். தேக்குக் கட்டையைவிட இதற்கு பிளைவுட் துண்டே மேல், ரேகை வழியே பிளக்காது. தனி மரம்தான் கையில் இருக்கிறது என்றால், ரேகை தரைக்கு இணையாகப் படுத்திருக்கும்படி வையுங்கள். ரேகை நிமிர்ந்து நிற்கும் வெட்டு முகத்தில் எந்த நட்டும் சரியாகப் பிடிக்காது.

கட்டையை எங்கே ஒட்டுவது என்பது அலமாரி கட்டப்பட்ட விதத்தைப் பொறுத்தது. எடை முழுவதும் பக்கப்பலகை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. எனவே கால் பக்கப்பலகைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது.

பக்கப்பலகைகள் அடிப்பலகையின் மேல் உட்கார்ந்திருந்தால் கவலையே இல்லை. கட்டையை மூலையோடு ஒட்டுங்கள். அடிப்பலகை இரண்டு பக்கப்பலகைகளுக்கு நடுவே மாட்டியிருந்தால், கட்டையின் ஓரம் பக்கப்பலகையின் அடி ஓரத்தையும் சேர்த்துத் தாங்கும்படி 18 மி.மீ. வெளியே தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் புத்தக எடை முழுவதும் அடிப்பலகையைப் பிடித்திருக்கும் நாலைந்து திருகுகளின் மேல் விழும். ஓராண்டில் அடிப்பலகை மேலே எழும்பி, பக்கப்பலகை கீழே இறங்கி நிற்பதைப் பார்க்கலாம். பக்கப்பலகை தரைவரை இறங்கி, அடிப்பலகை மூன்று நாலு அங்குலம் மேலே இருந்தால், கட்டையின் உயரம் அந்த இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும். மேல் முகம் அடிப்பலகையில் முட்ட வேண்டும், பக்கம் பக்கப்பலகையில் ஒட்ட வேண்டும். அவ்வளவு கட்டைக்கு ஆசை இல்லையென்றால் எல் தகட்டுக் காலுக்குப் போய்விடுங்கள்.

துளையின் மையம் அலமாரியின் வெளி ஓரத்திலிருந்து 40 முதல் 50 மி.மீ. உள்ளே இருக்கட்டும். முன்கால் தெரியக்கூடாது என்று 100 மி.மீ. உள்ளே தள்ளினால், கதவைத் திறந்து ஒரு குழந்தை தொங்கியதும் அலமாரி முன்னால் கவிழப் பார்க்கும். பின்பக்கம் சுவரில் ஸ்கர்டிங் துருத்திக்கொண்டிருந்தால், பின் பாதத்தின் விளிம்பு அதில் இடிக்காதபடி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டி நட்டின் தட்டு எந்தப் பக்கம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். டி நட் என்பது ஒரு குழாயும், அதன் ஒரு முனையில் பல் வைத்த தட்டும். சாதாரணமாக இரண்டு பலகைகளை போல்ட் போட்டு இறுக்கும்போது, போல்ட் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் டி நட்டை அடிப்பார்கள். அங்கே போல்ட் நட்டைத் தன் பக்கம் இழுக்கிறது, தட்டு மரத்தில் அழுந்துகிறது. அதே பழக்கத்தில் இங்கேயும் மேல்பக்கம் அடித்துவிட்டால் வேலை தலைகீழ். காலில் நடப்பது இழுப்பு இல்லை, தள்ளல். தரை தண்டை மேலே தள்ளுகிறது, தண்டு நட்டை மேலே தள்ளுகிறது. தட்டு மேலே இருந்தால் அதைப் பிடித்து நிறுத்த நான்கு பல் மட்டும்தான். கொஞ்ச நாளில் நட் துளையைவிட்டு மேலே பிதுங்கி, அந்த மூலை இறங்கும்.

எனவே தட்டு தரையைப் பார்த்த பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது மேலே வரும் தள்ளல் தட்டை மரத்தில் இன்னும் அழுத்தும். கனம் கூடக் கூடப் பிடி இறுகும். விளிம்பு வைத்த இன்சர்ட் நட்டுக்கும் (வெளிப்பக்கமும் மரை உள்ள, மரத்துக்குள் திருகி இறக்கும் நட்) இதே விதிதான்: விளிம்பு தரைப் பக்கம்.

வேலை, வரிசையாக

1. எட்டுத் துண்டுகளையும் இரண்டிரண்டாகப் பசை பூசி ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். துண்டுகள் வழுக்காமல் இருக்க, ஓரத்தில் ஒரு சின்ன ஆணியை லேசாக அடித்துவைக்கலாம்.

2. கட்டையின் மையத்தைக் குறித்து 10 மி.மீ. பிட்டால் நேர்குத்தாகத் துளையிடுங்கள். பிட்டின் பக்கத்தில் மூலமட்டத்தை நிறுத்திக்கொண்டு ட்ரில் செய்தால் சாயாது. கட்டைக்கு அடியில் வீண்பலகை ஒன்றை வையுங்கள், பிட் வெளியே வரும்போது மரம் பிய்யாது. டி நட்டின் குழாய் ஒவ்வொரு கடைச் சரக்கிலும் அரை மி.மீ. மாறும். முதலில் வீண்துண்டில் ஒரு துளை போட்டு, கூடுதலாக வாங்கிய நட்டை நுழைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தொளதொளவென்றால் 9.5 மி.மீ. பிட்டுக்கு மாறுங்கள்.

3. டி நட்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஒரு பல் முதலில் இறங்கி, நட் கோணலாகும். தண்டும் கோணலாக நிற்கும். கட்டையின் அடி முகத்தில் டி நட்டை வைத்து, மேல் முகத்திலிருந்து 60 மி.மீ. போல்ட்டை வாஷரோடு விட்டு ஸ்பேனரால் முடுக்குங்கள். நான்கு பல்லும் ஒரே சீராக மரத்துக்குள் இறங்கும். தட்டு மரத்தோடு படிந்ததும் நிறுத்துங்கள், அதற்குமேல் முடுக்கினால் மரை அறுந்துவிடும். போல்ட்டைக் கழற்றி, திருகு காலைக் கையாலேயே முழுதும் ஏற்றிப் பாருங்கள். கையில் போகாவிட்டால் மரைக்குள் பசையோ தூளோ இருக்கிறது. கட்டாயப்படுத்த வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

4. அலமாரியைக் காலி செய்து, கதவுகளைக் கழற்றி, பழைய கம்பளியோ போர்வையோ விரித்து முதுகுப்பக்கமாகப் படுக்க வையுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவராகச் செய்தால் அலமாரி ஒரு மூலையில் ஊன்றி, பின்பலகையின் ஆணிகள் விட்டுப்போகும்.

5. அடிப்பலகையின் கீழ்முகத்தில் மைக்கா ஒட்டியிருந்தால் மரப்பசை அதில் பிடிக்காது. கட்டை வரும் 80 × 80 இடத்தில் மட்டும் உளியால் மைக்காவைச் சீவி, மரம் தெரியும்வரை தேயுங்கள். கட்டையைப் பசையோடு வைத்து, 3 மி.மீ. பிட்டால் முன்துளை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு திருகு முடுக்குங்கள். 36 மி.மீ. கட்டையைத் தாண்டி 14 மி.மீ. திருகு பலகைக்குள் போகும், உள்ளே முனை எட்டிப் பார்க்காது. திருகு டி நட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். பசை நட்டுக்குள் வழிந்திருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். அலமாரியின் எடையை ஏற்றுவதற்கு முன் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இங்கே அவசரப்படுவதில் லாபமே இல்லை.

6. காத்திருக்கும் நேரத்தில் கட்டைகளுக்கும் பலகையின் அடி ஓரங்களுக்கும் பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். ஓரம் என்பது வெட்டிய மரம். தண்ணீரை உறிஞ்சுவதில் திரிபோல வேலை செய்யும்.

7. தண்டின் நுனியிலிருந்து 12 மி.மீ. தள்ளி நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். செக் நட்டைப் பாதம்வரை கீழே இறக்கிவிட்டு, தண்டை டி நட்டுக்குள் ஏற்றுங்கள். பின்னாளில் காலை வெளியே திருப்பும்போது அந்தக் கோடு தட்டுக்கு வெளியே தெரிந்தால், மரைக்குள் மிஞ்சியிருப்பது போதாது என்று அர்த்தம். 40 மி.மீ. தண்டில் இப்படி 28 மி.மீ. வரை வெளியே விடலாம். முழுதும் ஏற்றினாலும் செக் நட்டுக்காக 7 மி.மீ. வெளியே நிற்கும். ஆக, கைக்கு வருவது 21 மி.மீ. நமக்குத் தேவை 16.

மட்டம் பார்ப்பது

பின்கால்களைச் சுவரோடு ஒட்டிய பிறகு தொட முடியாது. அதனால்தான் தரையை முன்பே அளந்தோம். அலமாரி படுத்திருக்கும்போதே நான்கு காலையும் கணக்குப்படி வையுங்கள்: தட்டுக்கும் பாதத்துக்கும் இடையே பின் இடது 8, பின் வலது 12, முன் இடது 14, முன் வலது 19 மி.மீ. பின் இரண்டு கால்களின் செக் நட்டை இப்போதே இறுக்கிவிடுங்கள். செக் நட்டைத் திருப்பும்போது பாதத்தை இன்னொரு கையால் பிடிக்காவிட்டால் வைத்த அளவு ஓடிவிடும்.

பிறகு நிமிர்த்தி, தூக்கிக்கொண்டுபோய் இடத்தில் வையுங்கள். இழுக்காதீர்கள்.

முதலில் அடிப்பலகையின் முன் ஓரத்தில் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து இட வல மட்டம் பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கத்திலும் முன் பின் மட்டம். பின்கால் சரியாக அமைந்திருந்தால் முன்கால்களைத் திருப்பினாலே போதும். எடை அமர்ந்திருக்கும் காலை ஸ்பேனரால் முறுக்காதீர்கள். பாதம் டைல்ஸில் கீறும், பிளாஸ்டிக் வழுகும். ஒரு ரீப்பர் கட்டையை நெம்புகோலாக அடியில் கொடுத்து, ஒருவர் அந்த மூலையை ஒரு நூல் தூக்கிப் பிடித்தால், மற்றவர் விரலாலேயே திருப்பலாம்.

மட்டம் வந்த பிறகும் ஒரு கால் தரையில் படாமல் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சாதாரண வெள்ளைத் தாளை நீளமாகக் கிழித்து, கை எட்டும் ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் தள்ளிப் பாருங்கள். உள்ளே போகக் கூடாது. போனால் அந்தக் காலைக் கால் சுற்று இறக்கி மறுபடி பாருங்கள். பின்காலுக்குத் தாள் எட்டாவிட்டால், அலமாரியின் தலையில் கை வைத்துக் குறுக்கு மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வந்தாலும் ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது.

ஆட்டம் போகட்டும் என்று ஒரு மூலையை அளவுக்கு மீறி ஏற்றினால், பெட்டியே முறுக்கிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க, முன்முகத்தில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இப்போது கதவுகளை மாட்டுங்கள். மூடி நின்று பாருங்கள். வலது கதவின் தலை இடதைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த மூலை உயரும்படி வலது முன்காலை வெளியே திருப்புங்கள். இடது தாழ்ந்திருந்தால் இடது முன்காலை. பக்கப்பலகை இறங்கும்போது அதில் தொங்கும் கதவும் கூடவே இறங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். பாதி சுற்றுக்கே கதவு அசைவதைப் பார்க்கலாம். கீல் திருகுகளைத் தொடுவது, இதற்குப் பிறகும் மிஞ்சும் ஓரிரு மி.மீ.க்கு மட்டும்.

முன்கால்களின் செக் நட்டையும் இறுக்கிவிட்டுப் பொருள்களை அடுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ரசமட்டம் வையுங்கள். கனம் ஏறியதும் மரமும் பாதமும் கொஞ்சம் அமுங்கும். அரை சுற்று திருத்தம் தேவைப்படலாம்.

1200 மி.மீ. உயர அலமாரியை எல் பட்டையால் சுவரில் பிடிப்பது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை, கட்டாயம். திருகு கால் அலமாரியைப் பிடித்து நிறுத்தாது, தாங்க மட்டும்தான் செய்யும். மேல்பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, சுவரில் ஃபிஷர் (திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆப்பு) போட்டு. மட்டம் பார்த்து முடித்த பிறகே சுவரில் துளை போடுங்கள்.

அடியில் வரும் இடைவெளி

கட்டையும் காலும் சேர்த்து அடிப்பலகை தரையிலிருந்து இரண்டரை அங்குலம் வரை எழும்பும். துடைப்பம் முழுசாகப் போகாது, ஆனால் கரப்பான் பூச்சி தாராளமாகப் போகும். இந்த அளவு இடைவெளி யாருக்கும் பிரயோஜனமில்லை. முன்பக்கம் ஒரு பலகைப் பட்டையால் மூடுங்கள். தரைக்கும் பட்டைக்கும் 3 மி.மீ. விட்டு, தரையின் வாட்டத்துக்கு ஏற்பப் பட்டையின் அடியை இழைத்துக்கொள்ளுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், கதவுக்குப் போடும் காந்தம் இரண்டு போதும். ஸ்பேனரோடு மறுபடி உள்ளே கை விட வேண்டி வரும். அடியில் பெருக்கித் துடைக்க வேண்டும் என்பவர்கள் 100 மி.மீ. காலுக்கே போய்விடுவது மேல்.

வேறு சில நிலைமைகள்

அலமாரிக்கு ஏற்கெனவே மரக்கால் இருந்தால், அதன் அடியில் துளைக்க வேண்டியது ரேகை நிமிர்ந்த வெட்டு முகம். டி நட்டின் பல் அங்கே காலைப் பிளந்துவிடும். இன்சர்ட் நட்டைப் பயன்படுத்துங்கள். கால் குறைந்தது 40 × 40 மி.மீ. இருக்க வேண்டும். காலைச் சுற்றி கிளாம்ப் போட்டுக்கொண்டு, துளைக்குள் அரால்டைட் போன்ற இருகலவைப் பசை தடவி, நட்டின் வெளி மரைக்குக் கொஞ்சம் சோப்புத் தேய்த்து இறக்குங்கள். சோப்பும் பசையும் ஒத்துப்போகாது என்பதால் சோப்பு முதல் இரண்டு மரைக்கு மட்டும். துளையின் அளவு, நட்டின் வெளி மரையின் பள்ளத்தை வெர்னியரால் அளந்த அளவு. தேக்கு, வேம்பு போன்ற கடின மரத்தில் அதற்குமேல் அரை மி.மீ. கூட்டுங்கள்.

பார்ட்டிகிள் போர்டில் எந்த நட்டும் நிற்காது, தூளாக உதிரும். அடியில் முழு அளவுக்கு 12 மி.மீ. பிளைவுட் ஒன்றைத் திருகிப் பிடித்து, கட்டைகளை அதில் ஒட்டுங்கள்.

பின்கால்களை முன்னாலிருந்தே திருத்த வேண்டும் என்றால், தண்டின் மேல்நுனியில் ஆலன் கீ குழி உள்ள கால் கிடைக்கும். அடிப்பலகையையும் சேர்த்து 10 மி.மீ. துளையை ஊடுருவப் போட்டு, உள்ளே நின்றபடியே ஆலன் கீயால் திருப்பலாம். துளைக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுங்கள். அப்படிச் செய்யும்போது செக் நட் வேண்டாம், மேலிருந்து அதைத் தளர்த்த வழியில்லை. சுவரோடு நிற்கும் நீள அலமாரிக்கு இந்தக் கூடுதல் நாலு துளை பெரிய உபகாரம்.

நடுக்கால் போட்ட நீள அலமாரியில், நான்கு மூலையும் மட்டமான பிறகே நடுக்காலை இறக்க வேண்டும். அதுவும் தாள் பிடிக்கும் அளவுக்கு மட்டும். முதலில் நடுக்காலை இறக்கிவிட்டால் அலமாரி அதன் மேல் சீசா ஆடும். எந்த மூலையைத் திருப்பினாலும் குமிழி நிற்காது.